கழிவுநீரில் கரைந்துபோகும் உலோகம்: இறால் ஓட்டினால் மீட்கும் வழி

நமது நாட்டுச் செம்பனை ஆலைகளின் பின்புறத்தில் குளங்கள் வரிசையாக வெட்டப்பட்டிருப்பதைத் தோட்டப்புற அன்பர்கள் அனைவரும் கண்டிருப்பர். ஆலையிலிருந்து சூடாக வெளிவரும் பழுப்புநிறக் கழிவுநீர், ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கு மெல்ல நகர்ந்து, பல நாட்கள் தங்கி, இறுதியில் ஓரளவு தூய்மை பெற்று வெளியேறுகிறது. இக்குளங்கள் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. செம்பனை ஆலைக் கழிவும் இரப்பர் ஆலைக் கழிவும் நேரே ஆற்றில் கலந்ததையும், மீன்கள் செத்து மிதந்ததையும், காற்று வீசும் திசையெல்லாம் துர்நாற்றம் பரவியதையும் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வர். 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கும், 1978ஆம் ஆண்டில் இரப்பர் ஆலைகளுக்கும் அரசாங்கம் விதிமுறைகளை வகுத்த பின்னரே நிலைமை திருந்தத் தொடங்கியது.

அக்குளங்களில் இரவும் பகலும் உழைப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் ஆகும். கழிவில் உள்ள எண்ணெய், மாவு, சர்க்கரை முதலியவற்றை அவை உணவாகக் கொண்டு சிதைத்துவிடுகின்றன. மரத்திலிருந்தும் பழத்திலிருந்தும் வந்த பொருள் எதுவாயினும் அது அழுகும். அழுகி மண்ணோடு மண்ணாகும். ஆனால், ஒரு செப்புக் காசைக் குளத்தில் எறிந்தால் எந்த நுண்ணுயிரும் அதனைத் தின்று தீர்த்துவிடாது. காசு கரைந்து கண்ணுக்குத் தெரியாமற் போனாலும், அதிலிருந்த செம்பு நீரிலேயேதான் இருக்கும். தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்து வரும் உலோகங்களின் இயல்பும் இதுவே. குளம் வெட்டி மாதக்கணக்கில் தேக்கி வைத்தாலும் அவை அழிவதில்லை.

தோட்டங்களில் விளக்கக் கூட்டங்களுக்குச் செல்லும்போது, “தண்ணீர் தெளிவாகத்தானே ஓடுகிறது? குடித்தால் என்ன?” என்ற கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அக்கேள்விக்கு விடை கூறுவதும், கரைந்துபோன உலோகத்தை இயற்கைப் பொருள்களைக் கொண்டே பிடித்து மீட்கும் வழியை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெளிந்த நீரும் நஞ்சாகலாம்

உலோகம் நீரில் கரையும்போது அது மிக நுண்ணிய மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகின்றது. இத்துகள்களை அயனிகள் என்பர். உப்பு நீரில் கரைந்தபின் கண்ணுக்குத் தெரியாதது போலவே இவையும் தெரிவதில்லை. செம்பு மிகுந்திருந்தால் நீலநிறம் தோன்றலாம். குரோமியம் மிகுந்திருந்தால் மஞ்சள்நிறம் தோன்றலாம். ஆனால் காரீயமும் காட்மியமும் பாதரசமும் நிறமோ மணமோ காட்டுவதில்லை. உடலுக்குக் கேடு விளைவிக்கும் அளவில் அவை கலந்திருந்தாலும் நீர் பளிங்குபோல் தெளிவாகவே இருக்கும்.

இதன் கொடுமையை உலகம் ஜப்பான் நாட்டில் கண்டது. மினமாட்டா என்னும் கடலோர ஊரில் 1956ஆம் ஆண்டில் ஒரு விந்தையான நரம்பு நோய் பதிவாயிற்று. அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையின் கழிவில் இருந்த பாதரசச் சேர்மம் கடலிற் கலந்து, மீனில் சேர்ந்து, மீனை உண்ட மக்களின் உடலில் தங்கியதே அதற்குக் காரணம். அதே நாட்டின் தொயாமா மாநிலத்தில், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஜின்சு ஆற்றின் வழியே நெல்வயல்களை அடைந்தது. அவ்வரிசியை உண்டு வந்தவர்களின் எலும்புகள் வலுவிழந்து முறிந்தன. வலி தாங்காது அவர்கள் எழுப்பிய ஓலமே அந்நோய்க்குப் பெயராகவும் அமைந்தது. இவ்விரு நோய்களுக்கும் உரிய காரணத்தை ஜப்பானிய அரசு 1968ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. மினமாட்டாவில் நோய் பதிவானதற்கும் காரணம் ஏற்கப்பட்டதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

உலோகம் உடலில் சிறுகச் சிறுகச் சேரும் தன்மையுடையது. இன்று குடித்தவுடன் வயிற்றுவலி வரவில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. குறிப்பாக, காரீயம் வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கின்றது.

உலோகம் எங்கிருந்து வருகின்றது?

மின்முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கல், குரோமியம், செம்பு, துத்தநாகம் ஆகியவை வருகின்றன. மின்கலன் தயாரிக்கும் இடங்களிலிருந்து காரீயம் வருகின்றது. மின்னணுப் பலகைகள் செய்யும் ஆலைகளின் கழிவில் செம்பு மிகுந்திருக்கும். சிறிதளவு தங்கமும் இருக்கக்கூடும்.

நம் தோட்டங்களோடு தொடர்புடைய உலோகம் ஒன்றும் உண்டு. அது துத்தநாகம். இரப்பர்ப் பால் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பொருள்களில் துத்தநாக ஆக்சைடும் ஒன்று. கையுறை முதலிய பொருள்களைச் செய்யும்போது இரப்பரைப் பதப்படுத்துவதற்கும் அது தேவைப்படுகின்றது. ஆகவேதான் அத்தகைய ஆலைகளின் கழிவுநீரில் துத்தநாகத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மரத்திலிருந்து நாம் இறக்கும் பாலில் இல்லாத ஒன்று, ஆலையிலே சேர்ந்து ஆற்றுக்குப் போகும் வாய்ப்பு இவ்வாறு ஏற்படுகின்றது.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. அவர்கள் சிக்கனத்தைக் கருதிச் சொன்னார்கள். நாம் ஆற்றின் நலத்தைக் கருதியும் அதைக் கொள்ளலாம். 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் ஒவ்வோர் உலோகத்திற்கும் ஓர் அளவை நிர்ணயித்துள்ளன. குடிநீர் எடுக்கப்படும் இடத்திற்கு மேற்புறத்தில் ஆற்றில் விடப்படும் கழிவுநீரில், ஒரு லிட்டருக்குச் செம்பு 0.20 மில்லிகிராமுக்கும், காரீயம் 0.10 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.01 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.005 மில்லிகிராமுக்கும், துத்தநாகம் 2.0 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிகிராம் என்பதை நினைவிற்கொண்டால், எத்துணைச் சிறிய அளவுகளைப் பற்றி நாம் பேசுகிறோம் என்பது விளங்கும்.

வழக்கமான முறையும் அதன் குறையும்

இவ்வுலோகங்களை நீக்குவதற்குப் பெரும்பாலான ஆலைகள் கையாளும் முறை எளியது. கழிவுநீரில் சுண்ணாம்பையோ காஸ்டிக் சோடாவையோ கலப்பர். நீர் காரத்தன்மை அடைந்ததும், கரைந்திருந்த உலோகம் கரையாத பொருளாக மாறிச் சேறுபோல் அடியிற் படியும். மேலே உள்ள நீரை வடித்துவிடுவர்.

இம்முறை மலிவானது, உலோகம் மிகுந்துள்ள கழிவுநீருக்கு ஏற்றது. ஆயினும் இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, உலோகம் மிகக் குறைந்த அளவில் கலந்திருக்குமாயின், அந்தக் கடைசிச் சிறு பகுதியைச் சுண்ணாம்பினால் நீக்குவது கடினம். இரண்டாவது, அடியில் தங்கும் சேற்றை என்ன செய்வது என்பது. நஞ்சு நீரிலிருந்து நீங்கிச் சேற்றில் குடியேறியிருக்கிறதேயன்றி ஒழிந்துவிடவில்லை. அதனை வெறும் நிலத்தில் கொட்டினால் மழைநீரில் கரைந்து மீண்டும் ஆற்றையே சேரும். ஆகவேதான் அச்சேறு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட கழிவாகக் கருதப்படுகின்றது. அனுமதி பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே அதனை அனுப்ப வேண்டும். அதற்கு ஆலை பணம் செலவிட வேண்டும். செலவை மிச்சப்படுத்த எண்ணும் தீயவர்கள் இரவோடிரவாக ஆற்றோரத்தில் கொட்டிவிட்டுப் போவதன் காரணமும் இதுவே.

உலோகத்தைச் சேறாக்கிப் புதைப்பதைவிட, உலோகமாகவே மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்த முடியுமானால், நஞ்சும் குறையும், பொருளும் கிடைக்கும். இந்த எண்ணத்திலிருந்தே இயற்கைப் பாலிமர்களைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது.

பாலிமர் என்றால் என்ன?

பாலிமர் என்ற சொல் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையதே. பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் மாலையாவதுபோல, ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக அமைந்தால் அது பாலிமர் எனப்படும். உயிரினங்கள் தாமே உண்டாக்கும் பாலிமர்களை உயிரியற் பாலிமர்கள் என்கிறோம். நாள்தோறும் விடியற்காலையில் நாம் மரத்திலிருந்து இறக்கும் இரப்பரும் ஓர் உயிரியற் பாலிமரே. மரத்தின் கட்டையிலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸ், அரிசியில் உள்ள மாவுச்சத்து, பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் ஆகிய அனைத்தும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

அப்படியாயின் இரப்பரே கழிவுநீரிலுள்ள உலோகத்தைப் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். பிடிக்காது. இரப்பர்ச் சங்கிலியில் கரியணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே உள்ளன. உலோக அயனியைப் பற்றுவதற்குரிய ‘கை’ அதில் இல்லை. சில பாலிமர்களின் சங்கிலியில் கணுவுக்குக் கணு அத்தகைய கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைப்பதாகும்.

ஓட்டிலிருந்து கைட்டோசான்

இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் உறுதிப்படுத்துவது கைட்டின் என்னும் பாலிமர். 1811ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ஹென்றி பிராக்கோனோ என்பவர் இதனை முதன்முதலில் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். 1859ஆம் ஆண்டில் சார்லஸ் ரூஷே என்பவர் கைட்டினைக் காரத்தில் காய்ச்சி, அமிலத்தில் கரையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றினார். அதற்குப் பின்னாளில் கைட்டோசான் எனப் பெயர் ஏற்பட்டது. உலோகங்களைப் பற்றும் அதன் ஆற்றலை இத்தாலிய அறிஞர் ரிக்கார்டோ முசாரெல்லி 1970ஆம் ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்து நூல்களாக எழுதினார்.

கைட்டோசானைச் செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். இறால் பதனிடும் இடங்களில் குப்பையாக ஒதுக்கப்படும் ஓடுகளைக் கழுவி உலர்த்தி நொறுக்குவர். அவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால், ஓட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து நுரைத்துக் கரைந்துவிடும். அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் நீங்கும். எஞ்சி நிற்பது கைட்டின். அதனை மீண்டும் செறிவு மிக்க காஸ்டிக் சோடாவில் நன்கு காய்ச்சினால், சங்கிலியில் மூடிக் கிடந்த ‘கைகள்’ திறந்துகொள்ளும். அதுவே கைட்டோசான். வெண்ணிறச் சீவல்களாக இருக்கும் இது, வினிகரில் இருப்பது போன்ற இலேசான அமிலத்தில் கரையும். அக்கரைசலைக் காரநீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசியைப் போன்ற உருண்டைகள் கிடைக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குழாய்களில் நிரப்புவதற்கு இவ்வுருண்டைகளே ஏற்றவை.

எப்படிப் பிடிக்கிறது?

கைட்டோசானின் ‘கை’ என்று நாம் கூறியது நைட்ரஜன் அணு அமைந்த ஒரு சிறு தொகுதியாகும். செம்பு அயனி அருகில் வரும்போது, நைட்ரஜன் தன்னிடமுள்ள இணை மின்னணுக்களை நீட்டி அதனைப் பற்றிக்கொள்கிறது. அருகிலுள்ள ஆக்சிஜன் அணுக்களும் துணைபுரிகின்றன. உலோகத்தை இவ்வாறு பல முனைகளில் கவ்விப் பிடிப்பதற்கு வேதியியலார் இட்ட பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நண்டு உயிரோடிருக்கும்போது கொடுக்கினால் கவ்வுகிறது; செத்தபின் அதன் ஓடு உலோகத்தைக் கவ்வுகிறது.

நீரின் அமிலத்தன்மை இங்கே மிக முக்கியம். தோட்டத்துப் பால் கொட்டகையில் நடப்பதை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். பாலில் மிதக்கும் இரப்பர்த் துகள்கள் யாவும் எதிர் மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று தள்ளுவதால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. பார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அம்மின்னூட்டம் தணிகின்றது. துகள்கள் ஒன்றுசேர்ந்து பால் கட்டியாகின்றது. அமிலத்தின் அளவு குறைந்தால் பால் சரியாகக் கட்டாது என்பதை நீங்கள் கைப்பழக்கத்தில் அறிவீர்கள். கைட்டோசானும் அத்தகையதே. நீரில் அமிலம் மிகுந்தால் அதன் கைகள் நேர் மின்னூட்டம் பெற்றுவிடும். அப்போது நேர் மின்னூட்டமுடைய செம்பையும் நிக்கலையும் அது விலக்கித் தள்ளும். அமிலம் இலேசாக இருக்கும்போதே அவற்றை நன்கு பற்றும். மாறாக, மின்முலாம் பட்டறையிலிருந்து வரும் ஆறிணைதிறக் குரோமியம் எதிர் மின்னூட்டமுடையது. ஆகவே, அமிலம் மிகுந்த நீரில்தான் கைட்டோசான் அதனை ஈர்க்கும். எந்த உலோகத்திற்கு எந்த அளவு அமிலம் என்பதை அறிந்து பதம் பார்ப்பதே இத்தொழிலின் நுணுக்கம்.

கடற்பாசியின் பங்கு

கைட்டோசானுக்கு அடுத்தபடியாகக் கூறத்தக்கது அல்ஜினேட். இது பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கிறது. நம் சபா மாநிலத்தில் செம்போர்ணாக் கடற்பகுதியில் பயிரிடப்படுவது சிவப்பு இனத்தைச் சேர்ந்த பாசி. அதில் கிடைக்கும் காரகீனன் வேறு, அல்ஜினேட் வேறு. அல்ஜினேட் இரப்பர்த் தொழிலுக்குப் புதியதன்று. இரப்பர்ப் பாலை ஆடைபோல் மேலே திரளச் செய்து கெட்டிப்படுத்தும் முறையில் அம்மோனியம் அல்ஜினேட்டும், புளியங்கொட்டை மாவும் பயன்பட்டு வந்திருக்கின்றன.

சோடியம் அல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் துளித்துளியாக விட்டால், ஒவ்வொரு துளியும் நொடிப்பொழுதில் உறைந்து மணியாகிவிடும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிராக அமைய, அவற்றின் வளைவுகளுக்குள் கால்சியம் அயனிகள் முட்டைப் பெட்டியில் அடுக்கிய முட்டைகளைப்போல் அமர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். 1973ஆம் ஆண்டில் அறிஞர்கள் இவ்வமைப்பை விளக்கி, அதற்கு ‘முட்டைப் பெட்டி’ என்றே பெயரிட்டனர். காரீயமோ செம்போ கலந்த நீரில் இம்மணிகளை இட்டால், கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அவ்வுலோகங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தைவிட அவற்றை அல்ஜினேட் இறுகப் பற்றுகிறது.

பிடித்ததை மீட்பது எங்ஙனம்?

நமது கணக்குப் பாடத்தை இங்கே சிறிது பயன்படுத்துவோம். ஒரு பட்டறையில் 1,000 லிட்டர் கழிவுநீர் சேர்ந்திருக்கிறது. அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் செம்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செம்பு 50 கிராம் ஆகும். குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேற்புறத்தில் அந்நீரை விடவேண்டுமானால், அதில் 0.2 கிராம் செம்பு மட்டுமே எஞ்சியிருக்கலாம். மீதி 49.8 கிராமையும் நீக்கியாக வேண்டும்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் கைட்டோசான் உருண்டை ஏறத்தாழ 80 மில்லிகிராம் செம்பைப் பற்றியது. அக்கணக்கின்படி 50 கிராம் செம்புக்கு 625 கிராம் கைட்டோசான் தேவை. ஆலையின் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். உருண்டைகள் அமிலத்தில் கரைந்துவிடாதபடி அவற்றின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதிப்படுத்துவதுண்டு. அவ்வாறு செய்தபோது, பற்றும் அளவு 60 மில்லிகிராமை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ ஆயிற்று. சில கைகள் பிணைப்பிலேயே செலவாகிவிடுவதுதான் காரணம். உறுதி வேண்டுமானால் கொள்ளளவில் சிறிது இழக்க வேண்டியிருக்கிறது.

உருண்டைகள் செம்பினால் நிரம்பிய பிறகு என்ன செய்வது? அதே ஆய்வில், உலோகத்தை மேலும் வலுவாகக் கவ்வும் ஒரு வேதிப்பொருளின் கரைசலால் கழுவியதும், செம்பு விரைவாகக் கழன்று வந்தது. உருண்டைகள் மறுமுறைக்கு ஆயத்தமாயின. நீர்த்த அமிலத்தினாலும் இவ்வாறு கழற்றலாம். கரையாதபடி பிணைக்கப்பட்ட உருண்டைகளின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. 1,000 லிட்டரில் பரவிக் கிடந்த 50 கிராம் செம்பை 10 லிட்டர் கரைசலில் கழற்றி எடுத்தால், அதன் செறிவு நூறு மடங்காகிறது. அத்தகைய செறிந்த கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால், செம்பு எதிர்மின்வாயில் தகடாகப் படியும். குப்பையாகக் கருதப்பட்ட உலோகம் மீண்டும் சரக்காகிறது.

விலையுயர்ந்த உலோகமாயின் இம்முறையின் பயன் மேலும் பெரிது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தார் 2024ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரில் உள்ள புரதத்தைக் கொண்டு அவர்கள் ஒரு பஞ்சைச் செய்தனர். பழைய கணினிகளின் 20 தாய்ப்பலகைகளிலிருந்த உலோகப் பகுதிகளை அமிலத்தில் கரைத்து, அக்கரைசலில் அப்பஞ்சை இட்டனர். பஞ்சு தங்கத்தை மிகுதியாகப் பற்றிக்கொண்டது. அதனைச் சூடாக்கி உருக்கியபோது 450 மில்லிகிராம் எடையுள்ள 22 காரட் தங்கக் கட்டி கிடைத்தது. புரதமும் ஓர் உயிரியற் பாலிமரே என்பதை முன்னரே கூறினோம்.

இடையூறுகள்

இவ்வளவு சிறப்பிருந்தும் இம்முறை ஏன் எல்லா ஆலைகளிலும் இல்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்குக் காரணங்கள் பல. பருவத்திற்கும் இனத்திற்கும் ஏற்ப இறால் ஓட்டின் தன்மை மாறுவதால், ஒரே தரமான கைட்டோசான் எப்போதும் கிடைப்பதில்லை. கழிவுநீரில் பல உலோகங்கள் சேர்ந்திருந்தால் அவை இடத்திற்காகப் போட்டியிடுகின்றன. உருண்டைகள் மென்மையானவை, பலமுறை பயன்படுத்தினால் தேய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கைட்டோசானைச் செய்வதற்கே அமிலமும் காஸ்டிக் சோடாவும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. அவற்றின் கழிவையும் முறையாகச் சுத்திகரிக்க வேண்டும். இன்றேல், ஓர் ஆற்றைக் காப்பதற்காக மற்றோர் ஆற்றைக் கெடுத்தவர்களாவோம்.

இக்காரணங்களால், உலோகங்களைப் பிடிக்கும் பணியில் கைட்டோசான் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலும் சோதனை அளவிலுமே பயின்று வருகிறது. சுண்ணாம்பு முறையை முதலில் கையாண்டு, அது நீக்க முடியாமல் விட்ட கடைசிச் சிறு பகுதியை உயிரியற் பாலிமரால் பிடிப்பதே பொருத்தமான ஏற்பாடு என்று கருதலாம். சுண்ணாம்பு தோற்கும் இடத்தில்தான் கைட்டோசான் வெல்கிறது. ஆகவே, இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல, துணையே.

நாம் அறிந்து நடக்க வேண்டியவை

தோட்டத்தில் வாழும் நமக்கும் இவ்விஷயத்திற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். அண்மை ஆண்டுகளில், மின்னணுக் கழிவுகளைச் சட்டவிரோதமாக உடைத்து உலோகம் எடுக்கும் கொட்டகைகள், செம்பனைத் தோட்டங்களின் நடுவே மறைவாக இயங்கியதை அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர். ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்துச் சாலைகளை அத்தகையோர் தேடி வருகின்றனர். அங்கே வேலைக்குச் சேர்பவர்களும், அதனருகே குடியிருப்பவர்களும், அவ்வழியே ஓடும் நீரைப் பயன்படுத்துபவர்களுமே முதலில் துன்புறுகின்றனர். சில மில்லிகிராம் தங்கத்திற்காகக் காரீயமும் அமிலமும் கால்வாயில் விடப்படுகின்றன.

ஆதலின் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, தெளிவான நீரெல்லாம் நல்ல நீர் அன்று. கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டையால் தேற்றும் வழக்கமும், முருங்கை விதையால் தெளியவைக்கும் முறையும் உண்டு. அவ்விதைகளிலுள்ள இயற்கைப் பாலிமர்களே சேற்றுத் துகள்களைத் திரட்டுகின்றன. ஆனால், அவை கலங்கலைத்தான் போக்கும். கரைந்துள்ள உலோகம் நீங்கிவிட்டதாக நம்பி, ஆலைகளுக்குக் கீழ்ப்புறத்து ஆற்று நீரை அவ்வாறு தெளியவைத்துக் குடிக்கலாகாது. கொதிக்க வைத்தாலும் கிருமிகள் சாகுமேயன்றி உலோகம் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இரண்டாவதாக, இறால் ஓட்டை அரைத்து நீரில் கலந்து வீட்டிலேயே சுத்திகரிக்க முயல வேண்டாம். அமிலமும் காரமும் கையாளும் இப்பணி, பயிற்சி பெற்றவர்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியது.

மூன்றாவதாக, பழைய கார் மின்கலன்களை உடைத்துக் காரீயம் எடுப்பதும், மின்கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும் வேண்டா. அதனால் கிடைக்கும் சில வெள்ளிகளைவிடக் குழந்தைகளின் நலம் பெரிது. இரசாயனப் பொருள் வந்த பீப்பாய்களில் குடிநீரைச் சேமிப்பதும் தவறு.

நான்காவதாக, ஆற்றின் நிறம் திடீரென மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, இரவில் லாரிகள் வந்து எதையேனும் கொட்டிச் சென்றாலோ, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, சுற்றுச்சூழல் துறைக்கோ காவல் நிலையத்திற்கோ உடனே தெரிவிக்க வேண்டும். கொட்டப்பட்ட பொருளைத் தொட்டுப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் கூடாது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, ஆற்றைக் கெடுப்போருக்கான உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. ஆயினும், குற்றம் நடப்பதைக் கண்ணால் காண்பவர் சொல்லாவிடில் சட்டம் எங்கே போய்த் தேடும்? மறைவான தோட்டத்துச் சாலையில் சட்டத்தின் கண்ணாக இருப்பவர்கள் அங்கே வாழும் நாம்தாம்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இத்துறையில் செய்ய வேண்டியது இன்னும் ஏராளம். உருண்டைகள் தேயாமலிருக்க வழி காண வேண்டும். அமிலச் செலவைக் குறைக்க வேண்டும். நம் ஆலைகளில் குவியும் வெறுங்குலைகளிலும் இரப்பர் மரத்தூளிலும் உள்ள செல்லுலோஸையும் உலோகம் பற்றுமாறு திருத்த வேண்டும். வேதியியற் பாடம் கடினமென்று ஒதுங்காமல் அதில் முனைந்து பயில்வோருக்கு, பல்கலைக்கழகங்களிலும் ஆலைகளிலும் இப்பணி காத்திருக்கிறது. பால் கட்டுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, நீரில் மறைந்திருக்கும் உலோகத்தைத் திரட்டும் கலை எட்டாத ஒன்றன்று.